உஷார்! ஆரஞ்சு லைட் எரியும் சர்வரில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள்

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும், அந்தக் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது அவசரச் செய்தி. உங்கள் ஆபீஸ் சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்றில் பதிவது இன்னொன்றிலும் அப்படியே பதிகிறது; இதற்கு மிரர் என்று பெயர். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று சர்வர் விற்றவர் சொன்னார், நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொன்னார். ஒரு டிஸ்க் போன பிறகு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்ற மீதிப் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் பார்த்தவரை, மிரர் போட்ட சர்வரில் கணக்கு அழிவது முதல் டிஸ்க் செத்த நேரத்தில் அல்ல. அதற்கடுத்த ஓரிரு நாளில், யாரோ பதற்றத்தில் எதையோ உருவி, எதையோ அழுத்தும்போதுதான் அழிகிறது.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் இதற்கென்று ஆளும் சர்வீஸ் ஒப்பந்தமும் உண்டு. என் கவலையெல்லாம், மாடி அறையிலோ அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு அடியிலோ ஒரே ஒரு சர்வரை வைத்து ஓட்டும் சின்ன யூனிட்டுகளைப் பற்றித்தான். காதர்பேட்டை, ராயபுரம், வீரபாண்டி, மங்கலம் ரோடு, முதலிபாளையம் சிட்கோ என்று எங்கும் இருக்கிறார்கள். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போய், துணியாகி டையிங்குக்குப் போய், காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கை மாறிக்கொண்டே இருக்கிறது. எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, நடுவில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் அந்தச் சர்வரின் டேலியிலும் எக்செலிலும்தான் இருக்கிறது. சாயப்பட்டறை என்றால் ஷேடு ரெசிபி அதில். எம்பிராய்டரி யூனிட் என்றால் வருஷக்கணக்காகப் பஞ்சிங் செய்து சேர்த்த டிசைன் ஃபைல் அதில். கார்மெண்ட்ஸ் என்றால் கட்டிங் மார்க்கரும் சனிக்கிழமைக் கூலிக்கான பீஸ் கணக்கும் அதில். வெள்ளிக்கிழமை ராத்திரி அது போய்விட்டால், மறுநாள் டெய்லருக்கு எதைப் பார்த்துக் காசு கொடுப்பீர்கள்?

சர்வருக்குள் இந்த மிரரை நடத்துவது ரெய்ட் கார்டு. அது வேலை செய்யும் விதம் எளிது. எழுதுவதை இரண்டு டிஸ்கிலும் எழுதும். படிப்பதை எதிலிருந்து வேண்டுமானாலும் படிக்கும். ஒரு டிஸ்க் செத்தால் அதை ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள ஒன்றைக் கொண்டே ஓட்டும். கார்டின் பாஷையில் இந்த நிலைக்கு ‘டிகிரேடட்’ என்று பெயர். டேலி திறக்கிறது, பில் அடிக்கிறது, பிரிண்ட் வருகிறது. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வெளியே தெரியும் அடையாளம் இரண்டுதான். டிஸ்க் தட்டில் பச்சை எரிந்த இடத்தில் ஆரஞ்சு எரியும். கார்டிலிருந்து விட்டுவிட்டு ஒரு பீப் சத்தம் வரும்.

அந்தச் சத்தத்துக்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியத்தைப் பாருங்கள். “ரெண்டு நாளா ஒரே சத்தங்க. தம்பி வந்து ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டான்ங்க. இப்ப நல்லாத்தான் ஓடுதுங்க.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்கிறது. நல்லாத்தான் ஓடுவது ஒற்றை டிஸ்க். அதுவும் செத்துப்போனதோடு ஒரே நாளில் வாங்கியது, அதே சூட்டில் அதே தூசியில் கிடந்தது. அலாரத்தை அந்த நேரத்துக்கு அமர்த்துவது வேறு, நிரந்தரமாக முடக்குவது வேறு. மெனுவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முடக்கிவிட்டால் இரண்டாவது டிஸ்க் திணறும்போதும் சத்தம் வராது. லைட்டாவது கண்ணில் படுமா என்றால் அதுவும் சந்தேகம். நிட்டிங் மெஷினுக்கும் கட்டிங் டேபிளுக்கும் பக்கத்தில் வைத்த சர்வரின் முன்மூடியில் பஞ்சு படலமாக ஒட்டியிருக்கும். விரலால் வழித்தால் திரி திரியாக வரும். அதற்குப் பின்னால் எந்தக் கலர் எரிகிறது என்று யாருக்குத் தெரியும்?

சரி, ஆரஞ்சு எரிவதைப் பார்த்துவிட்டீர்கள். தயவுசெய்து ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்தக் கோளாறுக்கும் ‘ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று சொல்லிப் பழகிய வாய் நமக்கு. இந்த இடத்தில் அது ஆபத்து. வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிய பழைய டிஸ்க், ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி சுற்றத் தொடங்காமலே போவது உண்டு. தீபாவளி, பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறக்கும் காலையில் சர்வர் எழாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஓடட்டும். கார்டின் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரைத் திறந்து (டெல் என்றால் பெர்க், ஹெச்.பி. என்றால் ஸ்மார்ட் அரே, மற்றவை பெரும்பாலும் மெகாரெய்ட் வகை) எந்த ஸ்லாட்டில் இருந்த எந்த சீரியல் நம்பர் டிஸ்க், எந்தத் தேதியில், என்ன காரணத்தால் வெளியே போனது என்பதைப் பாருங்கள். லாக்கைச் சேமியுங்கள். ஸ்கிரீனைப் போனில் படம் எடுங்கள்.

அடுத்து, புது டிஸ்க் வாங்க ஓடுவதற்கு முன், இருக்கிற டேட்டாவை வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். இந்த வரிசைதான் முக்கியம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: புது டிஸ்கைச் செருகி, ரீபில்ட் முடியட்டும், பிறகு பேக்கப் எடுக்கலாம் என்கிறார்கள். ரீபில்ட் என்றால் என்ன? மிச்சமிருக்கும் ஒரே டிஸ்கை, முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம் வரை, ஒரு இடம் விடாமல் படித்துப் புதியதில் எழுதுவது. 4 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்று வைத்தாலும், வேறு எந்த வேலையும் இல்லாதபோதே ஏழரை மணி நேரம் ஆகும். ஆபீஸ் நடக்கும் நேரத்தில் கார்டு ரீபில்டுக்குத் தன் சக்தியில் ஒரு பங்கைத்தான் ஒதுக்கும். மெகாரெய்ட் கார்டுகளில் அது வழக்கமாக 30 சதவீதம். அப்படியானால் ஒரு ராத்திரி தாண்டி மறுநாளும் இழுக்கும். அந்த டிஸ்கில் பல வருஷமாக யாரும் தொடாத மூலைகள் இருக்கும். 2018-ல் போட்ட டிசைன் ஃபைல் கிடக்கும் இடம் கெட்டுப்போயிருப்பது இத்தனை நாள் யாருக்கும் தெரிந்திருக்காது. ரீபில்ட் அதைத் தொடும்போதுதான் தெரியும். டிஸ்க் அந்த அழுத்தம் தாங்காமல் அங்கேயே படுத்துவிடவும் கூடும். முக்கியமான ஃபோல்டர்களை முன்பே காப்பி எடுத்திருந்தால் அப்போது நஷ்டம் வெறும் ஒரு டிஸ்க் விலையோடு போகும்.

இதைவிட வஞ்சகமான ஒன்று உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் சில கார்டுகள் ரீபில்டை நிறுத்துவதில்லை. அந்த இடத்தைக் கெட்டது என்று புது டிஸ்கிலும் குறித்துவிட்டு மேலே போகின்றன. டெல் பெர்க் கார்டில் இதை ‘பங்சர்’ என்பார்கள். ரீபில்ட் முடிந்து இரண்டு லைட்டும் பச்சை, நிலை ‘ஆப்டிமல்’. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் உள்ளே ஓட்டை இருக்கிறது. அந்த ஃபைலைத் திறந்தால் பிழை வரும், லாக்கில் அதே இடத்தில் மறுபடி மறுபடி பிழை பதியும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று இன்னொரு டிஸ்க் மாற்றுவார்கள், ஓட்டை அதற்கும் தொற்றும். டிஸ்க் மாற்றி இது தீராது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, இரண்டு டிஸ்கும் சேர்ந்த தொகுப்பான அரேயையே அழித்துப் புதிதாகப் போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கும் கையில் பேக்கப் இருந்தாக வேண்டும்.

இனி, டிஸ்கை உருவும் கட்டம். டெல் சர்வரில் ஸ்லாட் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது, ஹெச்.பி. சர்வரில் ஒன்றில் தொடங்குகிறது. லாக்கில் ‘ஸ்லாட் 1’ போய்விட்டது என்று இருக்கும். டெல்லில் அது இரண்டாவது தட்டு. ஹெச்.பி. பார்த்துப் பழகியவர் வந்து முதல் தட்டை உருவுவார். அந்த நொடியில் உயிரோடிருந்த ஒரே டிஸ்க் வெளியே வந்துவிடும், சர்வர் உறைந்துவிடும். ஆகவே எண்ணை நம்பாதீர்கள். எந்தக் கார்டு சாஃப்ட்வேரிலும் குறிப்பிட்ட டிஸ்கின் லைட்டை மின்னவைக்கும் வசதி இருக்கிறது. அதை மின்னவைத்து, லாக்கில் உள்ள சீரியல் நம்பரோடு ஒத்துப்பார்த்து, அப்புறம் தொடுங்கள். ஹெச்.பி.யின் 2012-க்குப் பிந்தைய தட்டுகளில் ‘இதை எடுக்காதே’ என்பதற்கென்றே தனி லைட் வைத்திருக்கிறார்கள். அது எரியும் தட்டை எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள். சர்வர் நல்லபடி ஓடும் இன்றைக்கே ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் சீரியல் நம்பரை எழுதி ஒட்டிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.

தவறான டிஸ்கை உருவிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் டேட்டா அதில்தான் இருக்கிறது, இன்னும் ஒன்றும் போகவில்லை. போவது அடுத்து அழுத்தும் பட்டனில். மிரரின் அமைப்பு விவரம் கார்டில் மட்டும் இல்லை, ஒவ்வொரு டிஸ்கிலும் எழுதப்பட்டிருக்கிறது. வெளியே போய்த் திரும்பி வந்த டிஸ்கைப் பார்த்ததும் கார்டு, ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன் இருக்கிறது’ என்று கறுப்புத் திரையில் சொல்லி, இம்போர்ட் செய்யவா என்று கேட்கும். அந்த மெனுவுக்குள் போனால் ‘கிளியர்’ என்றும் ஒன்று இருக்கும். ‘ஃபாரின்’ என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துக் கிளியர் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தால் அமைப்பு விவரம் போய்விடும், டிஸ்க் காலியானதுபோல் நிற்கும். பிறகு புதிதாக அரே போட்டு ‘இனிஷியலைஸ்’ கொடுத்தால், அதோடு கதை முடிந்தது. இந்த இரண்டு சொல்லையும் உங்கள் சர்வர் ரூம் சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள்: கிளியர், இனிஷியலைஸ். டேட்டா வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் இந்த இரண்டில் எதையும் யாரும் அழுத்தக் கூடாது.

அதற்காக இம்போர்ட் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாமா? அதுவும் கூடாது. இங்கேதான் எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம் இருக்கிறது. ஒரு டிஸ்க் மூன்று வாரத்துக்கு முன்பே வெளியே போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. மூன்று வாரமும் பில், கூலி, ஸ்டாக் எல்லாம் மற்ற டிஸ்கில் மட்டும் பதிந்தன. இப்போது அந்த டிஸ்கும் நின்றுவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் இரண்டையும் கழற்றி மாட்டுகிறார். மூன்று வாரத்துக்கு முன் போன பழையது எப்படியோ உயிர் பெற்று வருகிறது. இம்போர்ட் கொடுக்கிறார், விண்டோஸ் திறக்கிறது, டேலி திறக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். சற்று நேரத்தில் அக்கவுண்டன்ட் கூப்பிடுகிறார்: “சார், போன வாரம் போட்ட இன்வாய்ஸ் ஒண்ணையும் காணோமே.”

அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்த நொடியே எல்லோரும் கையை எடுக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது மூன்று வாரப் பழைய கணக்கு. புதிய கணக்கு அந்த இன்னொரு டிஸ்கில் இருக்கிறது, அதிலிருந்து மீட்க வழியும் இருக்கலாம். ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? விட்டுப்போனதை மறுபடி எண்ட்ரி போடுகிறார்கள். அதோடு நிற்காமல், மற்ற டிஸ்கையும் செருகி ரீபில்ட் கொடுக்கிறார்கள். பழையது புதியதன் மேல் எழுதப்படுகிறது. கார்டு சொன்னதைச் செய்யும். எது நல்ல கணக்கு என்று அதற்குத் தெரியாது. முடிந்ததும் இரண்டு லைட்டும் பச்சையாக, இரண்டு டிஸ்கிலும் ஒரே மாதிரி, மூன்று வாரம் காணாமல் போயிருக்கும். ஆகவே ரீபில்ட் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து எதற்கு? கடைசியாகப் போட்ட பில் தேதி, கடைசி இ-வே பில் எண், நேற்று வந்த மெயில், இவை திரையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சரி சொல்ல வேண்டும்.

டிஸ்க் வாங்குவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. சர்வர் டிஸ்க் விலையைப் பார்த்து மலைத்து, அதே அளவு டெஸ்க்டாப் டிஸ்கைப் போடுகிறார்கள். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தைக் கண்டால் எப்படியாவது படித்துவிட ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட மூச்சுப் பிடித்து முயலும்; தனியாக இருக்கும் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரி. சர்வருக்கென்று செய்த டிஸ்க் ஏழு நொடி அளவில் விட்டுக்கொடுத்து ‘முடியவில்லை’ என்று கார்டிடம் சொல்லிவிடும், கார்டு மற்ற டிஸ்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் அப்படி மூச்சுப் பிடிக்கும்போது, பதில் வராத அதை கார்டு செத்ததாகவே எண்ணித் தள்ளிவிடும். எடுத்து வெளியே சோதித்தால் டிஸ்க் நன்றாக இருக்கும், மாட்டினால் மறுபடி இரண்டு வாரத்தில் விழும். பல ஆபீஸில் ‘கார்டு கம்ப்ளெய்ன்ட்’ என்று திட்டு வாங்குவது உண்மையில் இந்த டிஸ்க்தான். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமே, நாஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கும் பெட்டி) வேலைக்கென்று விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சிலவற்றில் எஸ்.எம்.ஆர். முறை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எழுத்தை ஒன்றன் மேல் ஒன்று ஏறினாற்போல் பதியும் முறை அது. ரீபில்ட் மாதிரி தொடர்ந்து எழுதும் வேலையில் திணறிவிடும். ஆக, பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல் மாடல் நம்பரைத் தேடிப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கினால் அதில் பழைய கம்பெனியின் ரெய்ட் விவரம் இருந்து ‘ஃபாரின்’ குழப்பம் வரும். அளவு பழையதைவிடக் குறைவாக இருந்தால் கார்டு ஏற்காமல் போகலாம்.

இரண்டு டிஸ்கும் ஒரே நிமிஷத்தில் போனதாக லாக் சொன்னால், டிஸ்கைச் சந்தேகிக்காதீர்கள். கேபிள், டிஸ்க் செருகும் பேக்பிளேன், பவர் சப்ளை, கார்டு, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். டிஸ்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கார்டில் இருக்கும் பேட்டரியைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. கார்டு, வேகத்துக்காக, எழுத வேண்டியதை முதலில் தன் மெமரியில் வாங்கிக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடும். பிறகுதான் டிஸ்குக்கு அனுப்பும். நடுவில் கரண்ட் போனால் அந்த மெமரியைக் காப்பது பேட்டரி. பேட்டரி வலுவிழந்தால் கார்டு தானே எச்சரிக்கையாகி, நேரே டிஸ்கில் எழுதும் முறைக்கு மாறும். அப்போது சர்வர் மந்தமாகும். ‘டேலி ஸ்லோவா இருக்கு’ என்று புகார் வரும். வந்தவர், பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெமரியில் வாங்கு என்று செட்டிங்கைக் கட்டாயப்படுத்திவிட்டுப் போவார். வேகம் வந்துவிடும், ‘கெட்டிக்காரத் தம்பி’ என்று பெயரும் கிடைக்கும். பிறகு ஒருநாள் யூ.பி.எஸ். தாங்காமல் சர்வர் படக்கென்று அணைந்தால், கடைசியில் எழுதியதாகச் சொன்னது இரண்டு டிஸ்கிலும் இருக்காது. இரண்டுக்கும் ஊட்டுவது ஒரே மெமரிதானே! மாதாந்திர மின்தடை, ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளி என்று வாழும் ஊரில் இப்படிச் செய்வது கொடுமை. பேட்டரி நன்றாக இருந்தாலும் கார்டைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று நாள்தான் தாங்கும். பொங்கலுக்கு முந்தின ராத்திரி மெயினை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள், முதலில் விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்து, சர்வர் தானாக அணைந்த பிறகு மெயினில் கை வையுங்கள். கொஞ்சம் புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டரும் ஃபிளாஷ் மெமரியும் இருக்கும். அவற்றுக்கு இந்த நாள் கணக்கு இல்லை.

எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டோம், சுற்றுகிற பாகமே இல்லை, நமக்கென்ன என்கிறவர்களுக்கு: 2019 நவம்பரில் ஹெச்.பி. சர்வர்களைச் செய்யும் எச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் சில எஸ்.ஏ.எஸ். வகை எஸ்.எஸ்.டி.கள், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். உள்ளிருப்பதும் திரும்ப வராது. அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். உள்ளே ஓடும் ஃபர்ம்வேரில் இருந்த பிழை அது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு எச்சரிக்கை வந்தது. மிரர் போட்ட இரண்டு டிரைவும் ஒரே பில்லில் வாங்கி, ஒரே நாளில் ஆன் செய்தவை. ஒன்று சாகும் மணியில்தான் மற்றதும் சாகும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 ஜூலை 8 அன்று ஹேக்கர் நியூஸ் என்ற பிரபல அமெரிக்கத் தளத்தில் பிரதான சர்வரின் டிரைவ்களும், ஆபத்துக்கு வைத்திருந்த மாற்று சர்வரின் டிரைவ்களும் சில மணி நேர இடைவெளியில் போய், தளமே முடங்கியது. சந்தேகம் அந்த 40,000 மணி நேரப் பிழை மேல்தான் விழுந்தது. ஃபர்ம்வேர் அப்டேட் செய்தால் தவிர்க்கக்கூடிய சாவு இது. உங்கள் டிரைவ் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று கார்டு சாஃப்ட்வேரில் பாருங்கள், அந்த மாடலுக்கு அப்டேட் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்தமுறை வாங்கும்போது இரண்டையும் வெவ்வேறு கடையில், வெவ்வேறு மாதத்தில் வாங்குங்கள்.

கார்டே செத்துப்போனால்? அதே குடும்பத்துக் கார்டுதான் அந்த டிஸ்குகளின் அமைப்பைப் படிக்கும், ஹெச்.பி. கார்டில் போட்ட மிரரை மெகாரெய்ட் கார்டில் மாட்டிப் பிரயோஜனமில்லை. பத்து வருஷப் பழைய சர்வருக்குக் கார்டு தேடி சென்னை ரிச்சி தெருவில் அலைவதைவிட, மாடலையும் ஃபர்ம்வேர் எண்ணையும் இப்போதே குறித்து வைத்து ஒன்றைக் கையிருப்பில் போடலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் மிரர் காப்பது டிஸ்க் சாவிலிருந்து மட்டும்தான். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்ஸன், கேட்ஸ் மூவரும் ரெய்ட் பற்றிக் கட்டுரை எழுதியபோதே, டிஸ்க் கெட்டால் வேலை நிற்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு. தெரியாமல் ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தால் அதுவும் அதே நொடியில் இரண்டிலும் அழியும். ஜர்னல்ஸ்பேஸ் என்று ஆறு வருஷம் ஓடிய ஒரு வலைப்பதிவுத் தளம் 2008 டிசம்பரில் இப்படித்தான் போனது. மிரர் செய்த இரண்டு டிஸ்கைத்தான் பேக்கப் என்று நினைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் மேல் வேறு எதுவோ எழுதப்பட்டது, இரண்டிலும் எழுதப்பட்டது. மீட்புக் கம்பெனியாலும் ஒன்றும் எடுக்க முடியவில்லை, தளத்தையே மூடிவிட்டார்கள். ரான்சம்வேரும் அப்படியே: மிரர் அதை மிகத் துல்லியமாக இரண்டு பிரதி எடுக்கும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேரில் சிக்கி, இரண்டு வாரம் எல்லாம் கையால் காகிதத்தில் எழுதியே நடந்தது. டேட்டா திரும்பக் கிடைத்தது, தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் தனியாக இருந்ததால்.

சட்டமும் உங்களைக் கேட்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் அந்தந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காத்து வைக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால், 2022 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி, கம்ப்யூட்டர் கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். டிஸ்க் போய்விட்டது என்பதை அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்று நம்பியிருக்காதீர்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது பல கம்பெனிகள் செலவைச் சுருக்கியிருக்கும். சர்வர் மாற்றுவது, டிஸ்க் வாங்குவது எல்லாம் ‘அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போயிருக்கும். குறை சொல்ல முடியாது. ஆனால் டிஸ்க் சீசன் பார்த்துச் சாவதில்லை. ஏற்றுமதியாளர் சங்கமும், பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும் சாயக்கழிவு, வரி, கூலி ஒப்பந்தம் என்று எத்தனையோ விஷயத்துக்கு உறுப்பினர்களைக் கூட்டுகிறார்கள். சின்ன யூனிட்டுகளின் ஆட்களை அழைத்து, ஒரு பழைய சர்வரை மேஜை மேல் வைத்து, டிஸ்க் மாற்றுவது எப்படி என்று ஒரு மதியம் செய்து காட்டினால் பல குடும்பங்கள் தப்பும்.

அதுவரை காத்திருக்காதீர்கள். இன்று ஆபீஸ் மூடுமுன் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி டேலி, டிசைன், கூலி, மெயில் எல்லாவற்றையும் அதில் காப்பி எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் வைரஸ் அதையும் தின்னும். வீட்டுக்குக் கொண்டுபோய், நாளைக் காலை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, போன மாதத்துப் பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உங்களிடம் பேக்கப் இல்லை.